காட்டுப்போர் நாய்: கண்மாய்க்கரையில் தொடங்கும் பயிற்சி, முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருத்தர் பைக் டேங்க் மேல் நாயை உட்கார வைத்துக்கொண்டு என் தோப்புக்கு வந்துவிடுகிறார். அலங்காநல்லூர் தாண்டி, கண்மாயை ஒட்டி இருக்கும் சின்னத் தென்னந்தோப்பு அது. பெரும்பாலும் வெள்ளை ராஜபாளையம், இல்லையென்றால் சிப்பிப்பாறை. கேள்வி மாறாது: "அண்ணே, இதை மிலிட்டரி மாதிரி பழக்கித் தர முடியுமா?"

முடியும், முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல வராததால்தான் இதை எழுதுகிறேன். ராணுவத்தில் நாயின் கயிற்றைப் பிடித்து வேலை செய்தவன் நான். ஊர் திரும்பிப் பத்து வருஷம் ஆகிறது. காட்டுக்குள் நாய் என்றதும் பையன்கள் மனசில் வருவது பாய்ந்து கடிக்கிற நாய். காட்டுப்போரில் கடிக்கு வேலை ரொம்பக் கம்மி. அங்கே நாய் என்பது ஒரு மூக்கு. அந்த மூக்கு சொல்வதை வாசிக்கத் தெரிந்த ஆள் கயிற்றின் மறுமுனையில் இல்லாவிட்டால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய நாயும் வீண்தான். ஆகவே இந்தப் பயிற்சியில் பாதி நாய்க்கு, பாதி உங்களுக்கு.

முதலில்: எந்த வேலைக்கு?

நம் ராணுவத்தில் நாய்களைப் பழக்குவது ரீமவுன்ட் அன்ட் வெட்டரினரி கோர், அதாவது ராணுவத்தின் விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு. உத்தரப்பிரதேசத்தின் மீரட்டில் 1960-ல் நாய்ப் பயிற்சிப் பிரிவு தொடங்கியது. குண்டு தேடுவது, கண்ணிவெடி கண்டுபிடிப்பது, காவல், பனிச்சரிவில் ஆள் தேடுவது, பாய்ந்து தாக்குவது என்று ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வேலை. ஒரு நாய்க்கு எல்லா வேலையும் சொல்லித் தருவதில்லை. வீட்டில் பழக்குகிறவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். காலையில் தடம் பிடிக்க, மாலையில் குண்டு தேட, ராத்திரி திருடனைக் கடிக்க என்று பழக்கினால் நாய் குழம்பிப்போகும்.

காட்டுக்குள் முக்கியமானவை இரண்டு. ஒன்று ட்ராக்கர்: மூக்கைத் தரையில் வைத்து, ஒருத்தன் நடந்துபோன தடத்தை மணிக்கணக்கு கழித்தும் பின்தொடரும். இன்னொன்று பேட்ரோல் நாய். ரோந்துக் குழுவுக்கு முன்னால் தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்து போய், பதுங்கி இருப்பவனைச் சத்தமில்லாமல் காட்டிக்கொடுக்கும்.

மலாயாவில் 1948-ல் தொடங்கி 12 வருஷம் நடந்த காட்டுச் சண்டையில் பிரிட்டிஷ்காரர்கள் தடம் பிடிக்கும் நாய்களை நம்பினார்கள். கூடவே போர்னியோவிலிருந்து காட்டுத் தடம் வாசிக்கத் தெரிந்த இபான் ஆட்களையும் கூட்டிவந்தார்கள். 1960-களில் வியட்நாமில் மாட்டிக்கொண்ட அமெரிக்கர்கள், மலேசியா ஜொகூரில் இருந்த பிரிட்டிஷ் காட்டுப்போர்ப் பள்ளிக்கு ஆளனுப்பி அந்தப் பாடத்தைக் கற்றார்கள். தடத்துக்கு லாப்ரடார், முன்னால் போய் மோப்பம் பிடிக்க ஜெர்மன் ஷெப்பர்ட் என்று அங்கே பிரித்துக்கொண்டார்கள். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி ட்ராக்கருக்கு. பேட்ரோல் நாய்க்குக் கடைசியில் வருகிறேன்.

எந்த நாய்?

இங்கே கொஞ்சம் மனஸ்தாபம் வரும். பரவாயில்லை.

நம் பக்கத்து நாய்களில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மூன்றும் கண்ணால் வேட்டையாடும் ஜாதி. மெலிந்த உடம்பு, நீண்ட கால், ஓடுகிற முயலைப் பார்த்துவிட்டால் உலகமே மறந்துபோகும். மூக்கு இல்லை என்று சொல்லவில்லை. எந்த நாய்க்கும் மூக்கு உண்டு. ஆனால் தரையில் மூக்கை வைத்து ரெண்டு மணி நேரம் பொறுமையாக நடப்பது அவற்றின் ரத்தத்தில் இல்லை. தடத்தில் போகும்போது ஒரு கவுதாரி பறந்தால் போச்சு. கோம்பை கொஞ்சம் வேறு. தேனிப் பக்கத்து நாய், கட்டையான உடம்பு, பிடிவாதம் அதிகம். அந்தப் பிடிவாதத்தைத் தடத்தின் மேல் திருப்பிவிட்டால் நல்ல வேலை வாங்கலாம். நான் பழக்கியதில் இரண்டு கோம்பைகள் ஒழுங்காகத் தடம் போயின.

நாட்டு நாய் ராணுவத்துக்குப் போகவே போகாது என்றும் நினைக்க வேண்டாம். கர்நாடகத்து முதோல் வேட்டைநாய் 2016-ல் மீரட்டுக்குப் போனது. ஆனாலும் தடத்துக்கு இன்றைக்கும் லாப்ரடார்தான் என் முதல் தேர்வு. சாப்பாட்டு ஆசை, எல்லோரிடமும் சிநேகம், சலிப்பில்லாத மூக்கு. அடுத்தது ஜெர்மன் ஷெப்பர்ட். மாவோயிஸ்ட் காடுகளில் மத்தியப் போலீஸ் படையான சிஆர்பிஎஃப் பெல்ஜியன் மாலினாய்ஸை நம்புகிறது. பெங்களூரு பக்கத்தில் தரலு என்ற இடத்தில் அதற்கென்றே பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறார்கள். மாலினாய்ஸ் பிரமாதமான நாய்தான். ஆனால் தினமும் ரெண்டு மணி நேரம் வேலை கொடுக்க முடியாதவர் அதை வாங்கினால் வீட்டுச் சோபாவை மறந்துவிடலாம்.

குட்டியை எட்டாவது வாரத்துக்கு மேல் பாருங்கள். நான் செய்யும் சோதனைகள் நாலு. பழைய துணிப் பொம்மையைக் காட்டி முழங்கால் உயரப் புல்லுக்குள் எறிவேன். பார்வையிலிருந்து மறைந்த பிறகும் மூக்கைப் போட்டுத் தேடுகிற குட்டி வேண்டும், உடனே என் முகத்தைப் பார்க்கிற குட்டி வேண்டாம். இரண்டாவது, பத்தடி தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவேன். திடுக்கிடலாம், தப்பில்லை. பத்து நொடிக்குள் அந்தத் தட்டைப் போய் மோந்து பார்க்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்றாவது, தகரம், நனைந்த சிமெண்ட், காய்ந்த சருகு மேல் நடக்கவிடுவேன். நாலாவது வெள்ளை நாய்களுக்கு மட்டும்: பின்னால் நின்று கை தட்டுவேன். சுத்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. ராஜபாளையம் வாங்குகிறவர்கள் இதை விடவே கூடாது.

ஆறு மாதம் வரை: சத்தமில்லாத ஒழுக்கம்

உட்காரு, படு, நில்லு, வா. இந்த நாலும் எல்லோரும் சொல்லித் தருவதுதான், யூடியூபிலும் கிடைக்கும். ராணுவ முறையில் வித்தியாசம் ஒன்று உண்டு: அதே நாலையும் கை சைகையிலும் சொல்லித் தரவேண்டும். காட்டில் வாயைத் திறந்து "உட்காரு" என்று கத்த முடியாது. முதலில் சொல்லும் சைகையும் சேர்த்து, பிறகு சொல்லை மெல்ல மெல்லக் குறைத்து, கடைசியில் சைகை மட்டும்.

குரைப்பு அடுத்தது. ஊரில் குரைக்காத நாய்க்கு மரியாதை இல்லை. காட்டில் குரைத்த நாய் தன் குழுவையே காட்டிக்கொடுத்துவிடும். குரைத்தால் அடிக்காதீர்கள். அடித்தால் பயத்தில் இன்னும் குரைக்கும், அல்லது உங்களைக் கண்டாலே சுருண்டு படுத்துக்கொள்ளும். ஆள் வரும் சத்தம் கேட்டு, காதை நிமிர்த்தி, குரைக்கும் முன்னால் ஒரு கணம் அமைதியாக நிற்குமே, அந்தக் கணத்தில் தீனி கொடுங்கள். ஒரு மாதத்தில், சத்தம் கேட்டால் குரைக்காமல் உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

வெடிச்சத்தத்துக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. ஆனால் தீபாவளி அன்று தெருவில் கட்டிவைத்தால் பழகிவிடும் என்று நினைப்பதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. ஒரே ராத்திரியில் நாயைக் கெடுத்துவிடலாம். திருவிழா வேட்டுப் போடும் இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, சாப்பாட்டு நேரத்தில் தொடங்குங்கள். நாய் தட்டிலிருந்து தலையைத் தூக்காத தூரம்தான் இன்றைய தூரம். அடுத்த முறை ஐம்பது அடி கிட்டே.

தடம் என்றால் என்ன?

இதைப் புரிந்துகொள்ளாமல் கயிற்றைப் பிடிக்காதீர்கள்.

ஆள் நடக்கும்போது இரண்டு மணம் விழுகிறது. ஒன்று அவன் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள், வேர்வை. மற்றது அவன் மிதித்துக் கிழித்த புல், கிளறின மண். மனித மூக்கில் மணம் அறியும் செல்கள் 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். நமக்கு "புல் வாசனை" என்று ஒன்றாகத் தெரிவது நாய்க்கு எப்போது மிதிபட்ட புல், எந்தப் பக்கம் மணம் கூடிக்கொண்டு போகிறது என்று பிரிந்து தெரிகிறது.

தோல் துகள் லேசானது. காற்று அதை எடுத்துக்கொண்டு போய், புல்லடியிலும் வரப்போரத்திலும் ஒதுக்கும். அதனால் நாய் காலடி மேலேயே நடக்காது. ஆடி மாசத்தில் நம் தோப்பில் மேற்குக் காற்று அம்மியைத் தூக்கும் என்பார்களே, அப்போது தடத்துக்குக் கிழக்கே ஆறடி தள்ளி நாய் நடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். தடம் போட்ட பையன் "அண்ணே, நான் அங்கிட்டுப் போகலையே" என்றான். அவன் போகவில்லை, அவன் மணம் போயிருந்தது.

ஈரமும் நிழலும் மணத்தைக் காக்கும். வெயிலும் காய்ந்த மண்ணும் அழிக்கும். லேசான தூறல் நல்லது, அடைமழை கழுவிவிடும். காலையில் நாலரை முதல் ஏழரை வரை நம் பக்கம் பொன்னான நேரம். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் தடம் பழக்குவது நாய்க்குச் செய்யும் துரோகம். பெரும்பாலும் கார்த்திகை தொடங்கி மாசி வரை என் பயிற்சிக் காலம். அடர்ந்த காட்டில் மரக்கூரை வெயிலைத் தடுப்பதால் தடம் நம் கண்மாயைவிட நெடுநேரம் நிற்கும். கண்மாய்ப் பொட்டலில் பழகிய நாய் காட்டில் சுலபமாகப் போகும். காட்டில் பழகியது இங்கே வந்தால் திணறும்.

முதல் தடம்

தேவையானவை: நாய்க்கு ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் வார்), முப்பதடிக் கயிறு, வேகவைத்த கோழி ஈரல் சின்னத் துண்டுகளாக, துணி கட்டிய குச்சிகள் பத்து, இன்னொரு ஆள். கழுத்துப் பட்டையில் தடம் பழக்காதீர்கள். இழுக்கும்போது கழுத்து நெரிந்து மூச்சு முட்டும். அதோடு, ஹார்னஸ் மாட்டினால் தடம், பட்டை மாட்டினால் சாதாரண நடை என்று நாய் தானாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து ஹார்னஸைக் கையில் எடுத்தாலே அதன் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

போன தையில் ஒரு பையன் தன் லாப்ரடாரோடு வந்தான். கருப்பு நாய், பதினோரு மாசம். விடிகாலை ஐந்தே முக்கால், கண்மாயின் உட்கரை. பனி இறங்கிப் புல் வெள்ளையாக இருந்தது. அவன் சித்தப்பா மகனைத் தடம் போட அனுப்பினோம். தரையில் ஒரு குச்சியை நட்டு, அந்த இடத்தில் அரை நிமிஷம் காலைத் தேய்த்து நிற்கச் சொன்னேன். முதல் தடத்துக்கு மணம் நிறைய விழவேண்டும். பிறகு காற்று முதுகில் படும்படி நேராக முப்பது அடி. இது முக்கியம். காற்று எதிரே வந்தால் நாய் தலையைத் தூக்கி ஆளின் மணத்தையே பிடித்துக்கொள்ளும், தரையைப் பார்க்காது. ஒவ்வொரு காலடியிலும் ஒரு ஈரல் துண்டு. கடைசியில் தன் கையுறையைப் போட்டு, அதன் கீழே கைப்பிடி ஈரல் வைத்துவிட்டு, பெரிய வட்டம் அடித்துத் திரும்பி வந்தான்.

நாய்க்குத் தொடக்கக் குச்சியைக் காட்டி, தரையைத் தொட்டு, "தேடு" என்றான் பையன். நாய் முதல் துண்டைத் தின்றது. இரண்டாவதைத் தின்றது. மூன்றாவதைத் தாண்டி வரப்போரத் தவளை ஒன்றைப் பார்த்துவிட்டது. பையன் கயிற்றைச் சுண்டப் போனான்.

"ஏப்பா, கையைச் சும்மா வை. மரம் மாதிரி நில்லு."

நின்றான். தவளை கண்மாய்க்குள் குதித்தது. நாய் இரண்டு சுற்றுச் சுற்றி, காலடி இருந்த இடத்துக்குத் தானே வந்து, மூக்கை இறக்கி, நாலாவது துண்டை எடுத்தது. கையுறை வரைக்கும் போய்ச் சேர்ந்தபோது அதன் வால் புல்லை அடித்துக்கொண்டு நின்றது. மொத்தம் நாலு நிமிஷம். அன்றைக்கு அவ்வளவுதான், இரண்டாவது தடம் போடவில்லை. பையனுக்கு ஏமாற்றம். நாய் இன்னும் வேண்டும் என்று ஏங்கும்போது நிறுத்துவதுதான் கணக்கு.

வாரத்துக்கு நாலு தடம் போதும். முதல் இரண்டு வாரம் நேர்கோடு, நூறு அடி வரை. காலடிக்கு ஒரு துண்டு என்பதை மூன்று காலடிக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று குறைத்து, கடைசியில் கையுறைக்கு அடியில் மட்டும். அதன் பிறகு ஒரு திருப்பம். செங்குத்தாக வேண்டாம், வளைவாக. திருப்பத்தில் குச்சி நட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கு அல்ல, உங்களுக்கு. நாய் தப்புகிறதா நீங்கள் தப்புகிறீர்களா என்று தெரிய வேண்டும்.

அதற்கப்புறம் தடத்தின் வயசு. தடம் போட்டதும் போகாமல் பத்து நிமிஷம் காத்திருங்கள், பிறகு அரை மணி, ஒரு மணி, மூன்று மணி. ஒரே நாளில் தூரத்தையும் வயதையும் திருப்பத்தையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறையுங்கள். தடம் போடுகிற ஆளை மாற்றிக்கொண்டே இருங்கள். தம்பியின் தடத்தில் மட்டும் போகிற நாய் தம்பியைத்தான் தேடும்.

ஐந்தாறு மாதத்தில் குச்சி இல்லாத தடத்துக்கு வந்துவிட வேண்டும். எங்கே போனான் என்று நாய்க்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இங்கேதான் ஆட்கள் உடைந்து போகிறார்கள்.

கயிறு பிடிக்கிறவன் பாடம்

வடகிழக்கில் ஒரு மூங்கில் காட்டில் பயிற்சி. நான் அப்போது புதுசு. ரீனா என்று ஒரு லாப்ரடார் பெண் நாய் என் கையில். இரண்டு மணி நேரத்துத் தடம். ஓடைக்கு வந்ததும் வலது பக்கம் சேற்றில் பூட்ஸ் தடம் பளிச்சென்று தெரிந்தது. ரீனா அந்தச் சேற்றை மோந்துவிட்டு, இடது பக்கம் மேட்டில் ஏறியது. கண்ணால் பார்க்கும் தடத்தை விட்டுவிட்டு இது எங்கே போகிறது என்று கயிற்றை இழுத்து வலப்பக்கம் திருப்பினேன். அது மறுக்கவில்லை. வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு எனக்காக நடந்தது. தடம் பிடித்துத்தான் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். நாற்பது நிமிஷம். தடம் போட்டவன் சேற்றில் பத்தடி நடந்து, அதே காலடியில் பின்னோக்கி வந்து, கல் மேல் கால் வைத்து இடது மேட்டில் ஏறி, மரத்தடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். எங்களைப் பழக்கிய உஸ்தாத் திட்டவில்லை. "தடம் போட்டது உன் புத்தியா, அவன் காலா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றையிலிருந்து நான் வாலைப் பார்க்கக் கற்றேன். ஒவ்வொரு நாய்க்கும் தடத்தில் இருக்கும்போது ஒரு வால், இல்லாதபோது ஒரு வால். ரீனாவுக்கு, தடத்தில் வால் முதுகுக் கோட்டோடு நேராக நின்று நுனி மட்டும் ஆடும். விட்டுவிட்டால் வால் இறங்கும், வேகம் கூடும், காது பின்னால் போகும். உங்கள் நாயின் பாஷை வேறாக இருக்கும். செல்போனில் பின்னாலிருந்து வீடியோ எடுத்து ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். தடம் தெரிந்த நாட்களின் வீடியோவில் குச்சி எங்கே, வால் எங்கே மாறியது என்று ஒப்பிட்டால் புரியும்.

நாய் தடத்தை விட்டதும் செய்ய வேண்டியது: நில்லுங்கள். நின்ற இடத்தில் கிளையில் ஒரு துணி கட்டுங்கள். கயிற்றை முழுதாக விட்டு, நாய் உங்களைச் சுற்றி வட்டம் போடட்டும். நீங்கள் நகர்ந்தால் உங்கள் மணமும் மிதித்த புல்லும் சேர்ந்து தடத்தைக் கெடுக்கும். கிடைக்கவில்லை என்றால் கடைசியாக உறுதியாகத் தடத்தில் இருந்த இடத்துக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி. பேசாதீர்கள். "எங்கடா, தேடுடா, நல்லாத் தேடு" என்று புலம்பினால் நாய் மூக்கை விட்டுவிட்டு உங்களைக் கவனிக்கும்.

குறுக்குத் தடம் பழக்குவதற்கு நம் கண்மாய்தான் பல்கலைக்கழகம். விடிந்ததும் ஆட்டு மந்தை குறுக்கே போகும். புல்லறுக்கிற அக்கா போவார். தடம் போட்டு ஒரு மணி நேரம் கழித்து மந்தை தாண்டின இடத்தில் நாயை விடுங்கள். முதலில் புழுக்கை மோந்துகொண்டு நிற்கும். இழுக்காமல் காத்திருந்தால் மந்தையின் அந்தப் பக்கம் போய்த் தடத்தை எடுக்கும். ஐந்தாறு தரம் ஆனபின் ஆட்டை அது சட்டையே செய்யாது.

பேட்ரோல் நாய்

இதற்குக் காற்றுதான் எல்லாம். காற்று எதிரே இருந்தால் பதுங்கியவனின் மணம் வெகுதூரத்துக்கு முன்பே வரும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் பத்தடியில் இருப்பவனும் தெரியாது. இதை நாய் பிடிப்பவன் தன் கமாண்டரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும்: இப்போது காற்று பின்னால், நாய் குருடு. சொல்லக் கூச்சப்பட்டு ஆள் செத்த கதைகள் உண்டு.

பழக்குவது எளிது. ஒரு ஆள் காற்று வரும் பக்கம், சீமைக்கருவேலப் புதருக்குள் ஒளியட்டும். நாயைக் கூட்டிக்கொண்டு மெதுவாகக் குறுக்கும் நெடுக்குமாகப் போங்கள். தலை தூக்கும், காது முன்னால் வரும், வாய் மூடும், உடம்பு ஒரு கணம் இறுகும். அந்தக் கணத்தில் நில்லுங்கள், ஒளிந்தவன் எழுந்துவந்து நாய்க்குத் தீனி தரட்டும். குரைத்தால் தீனி இல்லை. மலைச் சரிவில் பகலில் காற்று மேலேறும், ராத்திரி இறங்கும். சிறுமலை, அழகர்மலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அடிவாரத்தில் அந்தியில் ஜில்லென்று இறங்குமே, அதுதான்.

குழுவில் நாயின் இடம்

வியட்நாமில் தடம் பிடிக்கும் குழுவில் ஒரு லாப்ரடாரும் ஐந்து பேரும் போனார்கள்: தலைவர், நாய் பிடிப்பவர், கண்ணால் தடம் வாசிப்பவர், காவலுக்கு ஒருவர், வயர்லெஸ் ஆள். நாயைப் பிடிப்பவன் தரையையும் வாலையும் பார்ப்பதால் எதிரியைப் பார்க்க முடியாது, அதனால் காவலாள். நாய் களைத்தால் கண்ணால் வாசிப்பவர் முன்னால் வருவார். நாய்க்கு முன்னால் வேறு யாரும் போகக் கூடாது. தடம் தொடங்கும் இடத்தை முதலில் வந்தவர்கள் மிதித்துக் குழப்பிவிட்டால் பாதி வேலை போச்சு. ஊர்த் திருட்டு நடந்த வீட்டில் ஐம்பது பேர் கூடி நின்றபின் போலீஸ் நாய் வந்து என்ன செய்யும்?

தடத்தின் முடிவில் துப்பாக்கி காத்திருக்கும் என்பதைப் பழக்குகிறவர்கள் மறக்கக் கூடாது. 2015-ல் காஷ்மீரின் தங்தார் பகுதியில் மான்சி என்ற லாப்ரடாரும் அதன் கையாளர் பஷீர் அகமது வாரும் ஊடுருவல்காரர்களைக் கண்டுபிடித்த சண்டையில் சேர்ந்தே இறந்தார்கள். 2023 செப்டம்பரில் ரஜௌரியில் கென்ட் என்ற ஆறு வயதுப் பெண் லாப்ரடார், தப்பியோடுகிறவர்களின் தடத்தில் வீரர்களை நடத்திப் போகும்போது சுடப்பட்டது. வியட்நாமில் சுமார் 4,000 நாய்கள் வேலை செய்தன. பெரும்பாலானவற்றை அமெரிக்கர்கள் ஊருக்குத் திருப்பிக் கூட்டிப் போகவே இல்லை. நம் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. கருந்தேவகத்தி என்ற வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்த அவன் நாய்க்கும் அதில் உருவம் உண்டு, கோவிவன் என்று பேரும் பொறித்திருக்கிறார்கள்.

சூடு, உண்ணி, முள்

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வாயைத் திறந்து இரைக்கும்போது மூக்கு சரியாக மோப்பம் பிடிக்காது. ஆகவே சூடேறிய நாய் முதலில் தடத்தை இழக்கும், பிறகு உயிரை. சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி. 106-ஐத் தொட்டால் ஆபத்து. நாக்கு கருஞ்சிவப்பாகி அகலமாகத் தொங்குவது, எச்சில் கொழகொழவென்று வருவது, நடை தள்ளாடுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் வேலையை நிறுத்தி, நிழலில் போட்டு, வயிறு, தொடையிடுக்கு, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், உள்ளேயே சூடு அடைபடும். முதலில் குளிரவைத்து, அப்புறம் ஆஸ்பத்திரி. நான் இருபது நிமிஷ வேலைக்குப் பத்து நிமிஷ ஓய்வு கொடுப்பேன், நாய் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

உண்ணியைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. வியட்நாமில் எதிரியின் தோட்டா மட்டும் நாய்களைக் கொல்லவில்லை. பழுப்பு நாய் உண்ணி பரப்பிய எர்லிக்கியா என்ற கிருமியாலும் நூற்றுக்கணக்கான ராணுவ நாய்கள் செத்தன. மூக்கில் ரத்தம் ஒழுகிச் செத்தன. அதே உண்ணிதான் உங்கள் வீட்டுச் சுவர் விரிசலில் இருக்கிறது. காட்டிலிருந்தோ கண்மாயிலிருந்தோ வந்ததும் காதுக்குள், விரல் இடுக்கில், பட்டைக்கு அடியில், வாலடியில் தடவிப் பாருங்கள். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், பீடி நெருப்பு இரண்டும் வேண்டாம். சாப்பாட்டில் சுணக்கம், ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் என்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை. ஆரம்பத்தில் பிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும்.

நெருஞ்சி முள் எடுத்துவிடலாம். சீமைக்கருவேல முள் உள்ளே உடைந்து சீழ் பிடிக்கும், தினமும் பாதத்தை விரித்துப் பார்க்கவேண்டும். கண்மாயில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். தடுப்பூசியில் அதுவும் வெறிநோயும் சேர்ந்திருக்கட்டும். மூக்கைத் தரையில் வைத்து நடக்கிற நாய்க்கு விரியன் கடி முகத்தில்தான் விழும். விஷமுறிவு மருந்து எந்தக் கால்நடை மருத்துவமனையில் இருக்கிறது என்று முதல் தடம் போடும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே பழக்கக் கூடாது

பட்டா நிலம், தோப்பு, அனுமதி வாங்கிய கண்மாய். அவ்வளவுதான். அழகர்மலை, சிறுமலைக் காப்புக்காட்டுக்குள் நாயோடு நுழையாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-லிருந்து புலிகள் காப்பகம், பேச்சுக்கே இடமில்லை. "சும்மா ஒரு முயல் விரட்டுச்சுண்ணே" என்பதும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வேட்டைதான். நாயிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய் காட்டு மிருகங்களுக்குத் தொற்றுவதும் உண்டு. தடம் பழக்கிய நாயை முயல் வேட்டைக்குக் கூட்டிப்போன ஒருவரை என் தோப்புக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நோட்டு

கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், காற்று, தரை, தடத்தின் வயசு, தூரம், எங்கே விட்டது, யார் தப்பு. கடைசிக் கட்டத்தை விடாமல் எழுதவேண்டும். அந்தக் கருப்பு லாப்ரடார் பையனின் நோட்டில் போன ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் இப்படி இருக்கிறது:

"காலை 6.10. காற்று வடகிழக்கு, லேசு. புல், பாதி சேறு. தடம் ஒன்றரை மணி. 600 அடி, மூன்று திருப்பம். இரண்டாவது திருப்பத்தில் ஆடு குறுக்கே. நாய் நின்றுச்சு, வலப்பக்கம் போச்சு, நான் இழுத்தேன். வலப்பக்கம்தான் சரி. தப்பு: நான். கையுறை கிடைச்சது 6.41. உண்ணி 2, இடது காது. அடுத்த வாரம் அதே திருப்பம் மறுபடி."